சார்ட் குழந்தை

படக்காரம்மாவுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் மருத்துவக் கல்லூரியில் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் தன் பாட்டுக்கு நடந்து போய்விடுவாள். ஓவியப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ வைத்த பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் அதைத் துடைத்துப் போட மெனக்கெடவில்லை. மெனக்கெட அவளுக்கு வேறு எத்தனையோ இருந்தன.

தரைத்தளத்தில் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்து அறை அவளுடையது. மின்சாரம் போனால் மேஜை நடுங்கும். அப்போது மயிரிழைக் கோடுகளைப் போடாமல் பெரிய இடங்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருப்பாள். இதயம், சிறுநீரகம், காதின் உள்பக்கம் என்று மாணவர்களுக்கு வேண்டிய எல்லாவற்றையும் வரைந்திருக்கிறாள். ஆனாலும் ஊருக்குத் தெரிந்தது அவளுடைய கருப்பைப் படம்தான். எந்த மகப்பேறு மருத்துவமனைக்குப் போனாலும் காத்திருக்கும் கூடத்தில் அது தொங்கும். தலைகீழாகச் சுருண்ட குழந்தை, இடது பக்கம் பார்த்த முகம், வாயில் கட்டைவிரல், மூடிய கண்.

அந்தக் குழந்தை அவளுடைய கற்பனை இல்லை. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர், கல்லூரி மியூசியத்தில் கண்ணாடி ஜாடிக்குள் கிடந்த ஒன்றைப் பார்த்து வரைந்தது. அதன் டிரேசிங் தாள் இரும்பு அலமாரியில் இருந்தது. புதுப் படம் கேட்டு ஆள் வந்தால் அந்தத் தாளை விரித்து நகல் எடுப்பதுதான் அங்கே வழக்கம். கொஞ்ச காலத்தில் அவளுக்குத் தாளே தேவைப்படவில்லை. போனில் பேசிக்கொண்டே, டீ குடித்துக்கொண்டே, மேலதிகாரியை மனதுக்குள் திட்டிக்கொண்டே அவளால் அந்தப் பிள்ளையைப் போட முடியும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பிள்ளை அதற்குள்ளும் போய் அதே மாதிரி சுருண்டு படுத்துக்கொண்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை அவள் அதன் கண்ணைத் திறந்து வரைந்தாள். ஏழு மாதம் தாண்டிய பிள்ளை உள்ளே கண் திறக்கும் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறதே என்ற தைரியம். அப்போதிருந்த துறைத் தலைவர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார்.

"உண்மைதான்மா. ஆனா மாட்டி வச்சா பாக்குற பொம்பளைங்க பயந்துருவாங்க. அது நம்மளையே பாக்குற மாதிரி இருக்கு. மூடிரு."

மூடினாள். அதன் பிறகு திறக்கவில்லை.

அவளுக்கு ஒரே மகள். கணவர், மகள் பள்ளிக்கூடம் போகும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அரக்கப் பரக்கச் சமைத்து, பஸ் பிடித்து, கால் கடுக்க நின்று, பிழையாகிப்போன சார்ட் தாள்களைச் சுருட்டி எடுத்து வந்து மகளுடைய நோட்டுகளுக்கு அட்டை போட்டு வளர்த்தாள். கணக்கு நோட்டின் முதுகில் ஈரல் இருக்கும், வரலாற்றுப் புத்தகத்தின் மேல் கருப்பை இருக்கும். கூடப் படித்த பிள்ளைகள் கேலி செய்யாமல் இருப்பார்களா? மகள் அதற்கெல்லாம் அசரவில்லை. சுருண்ட குழந்தைக்குத் தம்பி என்று பேர் வைத்து, "இந்தத் தம்பி எப்பம்மா வெளிய வருவான்?" என்று கேட்டுத் தொல்லை பண்ணுவாள். "அவனுக்கு என்ன அவசரம், உள்ள நிம்மதியா இருக்கான்" என்று படக்காரம்மா சொல்வாள்.

அந்த மகளுக்குக் கல்யாணமாகி, வெகு நாள் காத்திருந்து, பிள்ளை தங்கியது. எட்டாவது மாதம் முடியப் போகும் ஒரு காலையில் ரத்தம் போக ஆரம்பித்தது. மருத்துவமனைக்குக் கொண்டு போவதற்குள் உள்ளே எல்லாம் அடங்கிவிட்டது. மயக்க மருந்து கொடுத்து அவசர அவசரமாக அறுத்து எடுத்தார்கள். தாயைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிட்டது.

நர்ஸ் ஒரு துணிச் சுருளோடு வெளியே வந்து, "யார் பாக்குறீங்க?" என்றாள். மருமகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். திரும்பாமலே, மாட்டேன் என்று தலையை ஆட்டினான். படக்காரம்மாதான் எழுந்து போனாள். பெண் குழந்தை. போட்டோ எடுத்துக்கொள்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டதற்கு மருமகன் வேண்டாம் என்றான். அவனைக் குற்றம் சொல்லி ஆகப் போவது ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மகளுக்கு நினைவு தெளிந்து, என்ன பிள்ளை என்று கேட்கும்போது எல்லாக் காரியமும் முடிந்துவிட்டிருந்தது.

உடம்பு தேற மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். காயம் ஆறியது. மகள் வீட்டு வேலை செய்தாள், துணி மடித்தாள், மாலையில் கணவன் போன் செய்தால் பேசினாள். அழ மட்டும் செய்யவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. தைரியசாலி என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். படக்காரம்மாவுக்கு அந்தத் தைரியம் பிடிக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தானா கல்லூரியில் அந்த வேலை வர வேண்டும்? மியூசியத்துக்குப் போகும் நடைபாதைச் சுவரில் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்று பேராசிரியை ஆசைப்பட்டார். கருப்பையையும் அதற்குள் இருக்கும் பிள்ளையையும் மனிதர்கள் காலங்காலமாக எப்படி வரைந்தார்கள் என்று வரிசையாகக் காட்டுவது. பழைய படங்களைத் திரட்டி வைத்திருந்தார். பெரிதாக்கி, மங்கிய இடங்களைக் கையால் வரைந்து தெளிவாக்குவது படக்காரம்மாவின் வேலை.

பேராசிரியை நல்ல மனுஷிதான். "உங்களுக்கு இப்ப இது கஷ்டம்னா வேற யாருக்காவது குடுத்துரலாம்" என்று மூன்று தடவை சொன்னார். வேறு யார் இருக்கிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். படக்காரம்மா படக் கத்தையை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். முழங்கால் வேறு அன்றைக்கு வேலை நிறுத்தம் செய்துகொண்டிருந்தது.

வரிசையில் முதல் படம் வெகு பழையது. கருப்பை என்பது கழுத்தைக் கீழே வைத்துக் கவிழ்த்த ஒரு குடுவை. உள்ளே பிள்ளை என்ற பேரில் ஒரு குட்டி ஆள் நிற்கிறான். ஒன்றில் கையைத் தூக்கிக்கொண்டு, ஒன்றில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு, ஒன்றில் ஒரு காலை மட்டும் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு. படத்தை அட்டையில் ஒட்டித் தரும் லேமினேஷன்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னக்கா இது, சர்க்கஸா? இவ்வளவு இடம் இருந்தா நானே உள்ள போய் வாடகைக்கு இருப்பேன்."

படக்காரம்மாவும் சிரித்துவிட்டாள். வந்து பார்த்த பேராசிரியையிடம், வரைந்தவர் ஜென்மத்தில் ஒரு கருப்பையைப் பார்த்திருக்க மாட்டார் என்றாள்.

"மாட்டார்தான். இது மருத்துவச்சிகளுக்காகப் போட்டதும்மா. கைய விட்டுப் பாக்குறப்ப கால் தட்டுப்பட்டா பிள்ளை இப்படிக் கிடக்கு, தோள் தட்டுப்பட்டா அப்படிக் கிடக்குன்னு சொல்லிக் குடுக்க. கண்ணால பாத்ததில்ல, கையால பாத்தது."

அடுத்தது ஒரு பெரிய ஓவியரின் தாள். மடங்கிக் கிடக்கும் பிள்ளையின் முதுகு வளைவைப் பார்த்து அவள் கையெடுத்துக் கும்பிடாத குறை. ஆனால் அவர் நஞ்சுக்கொடியை மட்டும் பசுமாட்டில் பார்த்ததை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார். அதற்கடுத்து, ஆணின் விந்துக்குள்ளேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு, பெரிய தலையோடு ஒரு குட்டி மனிதன். தாய்க்கு அங்கே வேலையே இல்லை, நிலம் கொடுத்தால் போதும். பிறகு பாடம் நடத்த மெழுகில் செய்த பெண் ஒருத்தி. கழுத்தில் முத்து மாலை, முகத்தில் தூக்கக் கலக்கம், வயிறு மட்டும் டப்பா மூடி மாதிரி கழன்று வரும். பிறகு செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படம். பிள்ளையின் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது. பெற்றவளின் தொடைகள் மட்டும் கசாப்புக் கடையில் வெட்டியது போல நறுக்கென்று முடிந்து போகின்றன. அவளுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. படக்காரம்மாவுக்கு அந்தத் தொடையின் வட்டமான வெட்டைத் தெளிவாக்கக் கை வரவில்லை. மருத்துவமனையில் மகளைப் போட்டிருந்த கட்டிலில் அவள் கால்மேல் போர்வையை இழுத்துவிட்டது நினைவுக்கு வந்து, பிரஷைக் கழுவி வைத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கடைசிக்கு முந்தைய அட்டையில் ஒரு புகைப்படம். இருட்டுக்கு நடுவில், விண்வெளியில் மிதப்பது போல ஒரு பிள்ளை. அழகென்றால் அவ்வளவு அழகு. இப்படி எடுத்த படங்களில் பெரும்பாலானவை உயிரில்லாத பிள்ளைகளை வெளியே எடுத்து வைத்து எடுத்தவை என்று பேராசிரியை எழுதித் தந்த குறிப்பில் இருந்தது. கடைசி அட்டை அவளுடைய சார்ட். அதுவும் ஜாடிப் பிள்ளைதானே. தூங்குவதாக ஊரே நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை.

அன்று வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் மகள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அம்மா, அடுத்த வாரம் அவர் வந்து கூட்டிட்டுப் போறேன்றார்."

"போ. எத்தனை நாளைக்கு இங்கேயே இருப்ப."

"போறதுக்கு முன்னாடி அவ முகத்தை எனக்கு வரைஞ்சு குடும்மா."

படக்காரம்மா பையைக் கீழே வைத்தாள். "தண்ணி குடு" என்றாள்.

மகள் தண்ணீர் கொண்டு வந்தாள். "நீ ஒருத்திதான் பாத்திருக்க. அவர் பாக்கல. நான் மயக்கத்துல கிடந்தேன். எல்லாரும் அழு அழுன்னு சொல்றாங்க. எதைன்னு நினைச்சு அழறதும்மா? எனக்கு ஒரு முகம்கூடக் கிடையாது."

வரைகிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, நாளைக் கடத்தினாள். இன்றைக்குக் கண் எரிச்சல், நாளைக்கு மேஜை சரியில்லை, மறுநாள் நல்ல தாள் இல்லை. சாக்குப்போக்கு சொல்வதில் அவள் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை என்பதால் மகள் மறுநாளே நல்ல தாள் வாங்கி வந்து முன்னால் வைத்தாள்.

வேறு வழியில்லாமல் ஒரு மாலை உட்கார்ந்தாள். நெற்றியில் ஆரம்பித்தாள். கை தயங்கவே இல்லை. மூக்கு, மேலுதடு, கன்னத்தின் மடிப்பு, மூடிய இமை என்று தண்ணீர் ஓடுவது போல வந்தது. தன் மறதியைப் பற்றி வீணாகப் பயந்தோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நிழல் போட்டு முடித்து மகளிடம் நீட்டினாள்.

மகள் இரண்டு கையாலும் வாங்கினாள். பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ வந்தது, வந்தபடியே போய்விட்டது.

"அம்மா, இது தம்பி."

"என்னடி?"

"என் வரலாறு புஸ்தகத்து மேல இருந்தானே. அவன்தான் இது. உன் சார்ட் குழந்தை."

படக்காரம்மா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். இடது பக்கம் பார்த்த முகம். அதே நெற்றி, அதே மூக்கு. வாய்க்குப் பக்கத்தில் கட்டைவிரலுக்குக்கூட இடம் விட்டிருந்தது. துணிச் சுருளில் இருந்த பிள்ளைக்கு ஏது வாயில் விரல்? இடி விழுந்தது போல உட்கார்ந்துவிட்டாள். மகள் தாளைக் கசக்கவில்லை; மடித்து அலமாரியின் மேல் வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்கப்புறம் படக்காரம்மா பஸ்ஸில் கண்ணை மூடினாள், கல்லூரியில் கண்ணை மூடினாள், பாத்திரம் கழுவும்போது கண்ணை மூடினாள். எத்தனை தடவை துணிச் சுருளைப் பிரித்தாலும் உள்ளே ஜாடிப் பிள்ளைதான் கிடந்தது. ஆயிரக்கணக்கில் போட்ட முகம் ஒரே ஒரு தடவை பார்த்த முகத்தை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. சொந்தப் பேத்தியை இந்தக் கையே தின்றுவிட்டதாக நினைத்தாள். எரிச்சலில் கையை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள். வலித்ததுதான் மிச்சம்.

மருமகன் வருவதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து மகள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். படக்காரம்மா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். மென்று விழுங்கிப் பிரயோஜனமில்லை என்று தோன்றிவிட்டது.

"எனக்கு முகம் ஞாபகம் இல்லடி."

மகளின் கை நின்றது.

"பாத்தேல்ல?"

"பாத்தேன். நகம் வளந்திருக்கான்னு பாத்தேன். தோள்ல மயிர் இருக்கான்னு பாத்தேன். எட்டு மாசத்துக்குச் சரியான வளர்த்திதான்னு நெனச்சேன். வேலைக்குப் பாக்குற மாதிரி பாத்து வச்சிருக்கேன், பாவி. முகத்துகிட்ட வந்தா அந்த ஜாடிப் பிள்ளைதான் வருது. பொய்யா ஒண்ணு வரைஞ்சு குடுக்கலாம். நீ கண்டுபிடிச்சிருவ."

மகள் எழுந்து சமையலறைக்குப் போனாள். கழுவி வைத்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவும் சத்தம் கேட்டது. ஒரு தட்டு விழுந்தது. படக்காரம்மா எழுந்து போகவில்லை. உடம்பில் இருந்த அசதி எல்லாம் திரண்டு வந்து தோளில் உட்கார்ந்துகொண்டது. அப்படியே படுத்துவிடலாமா என்று நினைக்கும்போது மகள் ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"பேப்பரை எடு."

"எதுக்கு?"

"நீ பாக்கல. சரி. எனக்குத் தெரியும்ல. எட்டு மாசம் எங்கூடதானே இருந்தா. நான் சொல்றேன், நீ போடு."

படக்காரம்மா தாளை விரித்தாள். பழக்க தோஷத்தில் கருப்பையின் கோட்டில் ஆரம்பித்தாள். மகள் அவள் கையைப் பிடித்தாள்.

"நான் எங்கம்மா?"

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு அந்தக் கோட்டை அழித்தாள். மகளை வரைந்தாள். ஜன்னல் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலி, பூப்போட்ட நைட்டி, வீங்கிப்போன பாதங்கள், முதுகுக்கு முட்டுக் கொடுத்த தலையணை. இதெல்லாம் நினைவில் இருந்தது, ஒன்று விடாமல் இருந்தது. மகளின் தலையைப் போட்டபோது கொண்டை சரிந்து கிடந்ததுகூட வந்தது.

"இப்ப சொல்லு."

"வலது விலாவுக்குக் கீழ ஒரு கால். எப்பவும் ஒரு கால்தான். இன்னொண்ணை எங்க வச்சிருந்தாளோ."

"தெரியாததைப் போட வேணாமா?"

"வேணாம். முதுகு இந்தப் பக்கம். தடவினா வழவழன்னு இருக்கும், அவளும் முதுகைக் காட்டிக்கிட்டு சும்மா கிடப்பா. பஸ் பிரேக் போட்டா ஒரே புரளல். அவர் பேசினா மட்டும் மூச்சு காட்ட மாட்டா. ஒட்டுக் கேப்பா."

"உன்னை மாதிரி."

"சாயங்காலம் விக்கல் வரும். இங்க, கீழ, துடிக்கும். அதனால தலை இங்கதான் இருந்திருக்கும். இந்தப் பக்கம் திரும்பி."

வலது பக்கம். படக்காரம்மாவின் கை இடது பக்கம் போனது. அழித்தாள். மறுபடி இடது பக்கம் போனது. சனியன் பிடித்த கை என்று திட்டிக்கொண்டே தாளையே தலைகீழாகத் திருப்பி வைத்து வரைந்தாள். ஒரு கால் விலாவை உதைத்தது, மற்றது இல்லவே இல்லை. கைகள் எங்கே என்று மகளுக்கு நிச்சயமில்லை. ஒன்றை மட்டும் தொப்புளுக்குப் பக்கத்தில் முட்டியாக வைக்கச் சொன்னாள், அங்கே அடிக்கடி ஒரு குத்து விழுமாம். எந்த வகுப்பிலும் மாட்ட முடியாத படம். நடைபாதையில் ஒட்டக் காத்திருக்கும் அந்த முதல் அட்டையில் குடுவைக்குள் நிற்கும் சர்க்கஸ் பிள்ளைக்குத் தங்கை மாதிரி இருந்தது. படக்காரம்மாவுக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

முகம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"மூக்கு?" என்றாள்.

"தெரியாது."

"வாய்?"

"விக்கல் எடுத்தா வாய் இருக்கும்ல. சின்னதா போடு."

போட்டாள். பென்சில் கண்ணுக்கு வந்து நின்றது. துணிச் சுருளில் இருந்த முகத்தில் அவளுக்குச் சந்தேகமில்லாமல் நினைவிருந்தது, கண் மூடியிருந்தது ஒன்றுதான். இமையின் வளைவுக்குப் பென்சிலைக் கொண்டு போனாள்.

"மூடாத" என்றாள் மகள்.

"மூடித்தான்மா இருந்துச்சு. இது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

"அது நீ பாத்தப்போ." மகள் விரலால் தாளில் அந்த இடத்தைத் தொட்டாள். "எங்கிட்ட இருந்தப்போ முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. ராத்திரி பூரா ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டுதான் இருப்போம். திறந்து போடும்மா."

படக்காரம்மா பென்சிலைச் சீவினாள். சீவ வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் சீவினாள். பிறகு திறந்த கண்ணை வரைந்தாள். கருவிழியை வைத்து, அதில் ஒரு பொட்டு வெள்ளையை மட்டும் விட்டாள். தாளைத் திருப்பி மகளிடம் கொடுத்தாள்.

மகள் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது. மகள் தாளை அப்படியே வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.